மெட்டும் மாத்திரையும்



1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ திரைப்படத்துக்காக வைரமுத்து எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய ‘இளைய நிலா’ இன்றும் பலரால் முணுமுணுக்கப்படுகிறது. மறு ஆண்டே ‘கலாகார்’ என்னும் இந்திப் படத்தில் அம்மெட்டு ஒலித்தது. ஆதலால் மெட்டே போதும், சொல் எதுவாயினும் ஆகும் என்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். பாடலின் முதலிரு சொற்களையே பாடிப் பாருங்கள். ‘ளை’ ஒரு மாத்திரையாய்க் குறுகி விரைகிறது. நன்னூல் கூறும் ஐகாரக் குறுக்கம் அதுவே. ‘லா’வோ நெடிலாய் நின்று நீள்கிறது.

இலக்கண வகுப்பில் திரைப்பாடலா என்று பல்லாண்டுகள் நாமே மறுத்தோம். விதியை மனனம் செய்தும் சான்று கூற இயலாது விழித்த மாணவர் பலர். வகுப்பு முடிந்ததும் தாழ்வாரத்தில் அவர்கள் பாடிச் சென்றது இப்பாடலைத்தான்.