போர்டு வீடு இடிபடும் நாளில் உங்கள் பெயர் எங்கே இருக்கும்?

(தாம்பரத்தில் இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற இளைஞர்கள் - வணிகர்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

   

கூட்டத்தின் நோட்டீஸைப் பார்த்த ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், நீங்கள் நிக்காஹ், ஜகாத் பற்றிப் பேசுவீர்கள். போர்டு வீட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" நியாயமான கேள்விதான். மதரஸாவில் எங்களுக்குச் சிமெண்டுக் கலவையைப் பற்றிச் சொல்லித் தரவில்லை. ஆனால் எழுத்தில்லாமல் கொடுக்கல் வாங்கல் செய்யாதே என்று சொல்லித் தந்தார்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது? தொழுகையைப் பற்றியதா? நோன்பைப் பற்றியதா? இல்லை. கடனை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்! இன்று நான் பேசப்போவதும் அந்த எழுத்தைப் பற்றித்தான்.

நம் சகோதரர் ஒருவர். தள்ளுவண்டியில் பழம் விற்றுச் சேர்த்த காசில், சென்னை நகருக்குள் ஒரு திட்டப்பகுதியில் போர்டு வீடு 'வாங்கினார்'. வாங்கினார் என்றால் என்ன? 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம், இரண்டு சாட்சிக் கையெழுத்து. ஒதுக்கீட்டு ஆணை பழைய ஆள் பெயரில். தவணை ரசீது பழைய ஆள் பெயரில். மின்சார அட்டையும் பழைய ஆள் பெயரிலேயே இருந்தது. 14 வருடம் குடியிருந்தார். பெண்ணுக்கு அந்த வீட்டில் வைத்தே நிக்காஹ் செய்தார். கூரையில் கம்பி தெரிய ஆரம்பித்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்றார்கள். கணக்கெடுக்க வந்த அன்று பழைய ஆளின் மகன் வாசலில் வந்து நின்றான், ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு. நம் சகோதரர் இன்று இரும்புலியூரில் வாடகைக்கு இருக்கிறார். அந்த மகன் செய்தது சரியென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவனிடம் காகிதம் இருந்தது, இவரிடம் இல்லை.

சகோதரர்களே! இந்தப் போர்டு வீடுகளின் வரலாறு ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 1970இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 1971இல் அதற்கென்று தனிச் சட்டம். குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதன் அருகிலேயே, மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் அன்றைய நோக்கம். நொச்சிக்குப்பம் மீனவனுக்கு வீடு கடலைப் பார்த்தே எழுந்தது. தொழிலும் வீடும் பிரியவில்லை. 1977க்குப் பிறகு உலக வங்கிக் கடன் வந்தது; மனையைக் கொடுத்துத் தவணை கட்டச் சொல்லும் முறையும் கூடவே வந்தது. அது ஒரு தனிக் கதை.

1990களின் கடைசியில் காற்று தெற்கே திரும்பியது. கூவம் கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை, நகரத்துச் சாலையோரம் என்று பல இடங்களிலிருந்து மக்களைப் பெயர்த்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். 2000இல் கண்ணகி நகர் உருவானது. முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை! கணவன், மனைவி, தாய், நான்கு பிள்ளைகள். எங்கே படுப்பார்கள்? 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 பெருவெள்ளத்திற்குப் பிறகு பெரும்பாக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கமாகவே எல்லாம். வெள்ளம் வந்த ஆற்றங்கரையிலிருந்து மக்களைக் 'காப்பாற்றி', மழை பெய்தால் தரைத்தளத்தில் தண்ணீர் நிற்கும் செம்மஞ்சேரியில் வைத்தோம். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அங்கே போய்ப் பாருங்கள்.

நமக்கு வெகு அருகில் நடந்ததையும் மறக்கவேண்டாம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. அதில் சேர்ந்த அனகாபுத்தூரில் 2025 மே மாதம் அடையாற்றங்கரை வீடுகள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. அந்தக் குடும்பங்களுக்குக் காட்டப்பட்ட இடங்கள் பெரும்பாக்கம், கீரப்பாக்கம், நாவலூர். ஆகவே இது வேறு யாருடைய கதையோ அல்ல.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியத்தின் ஒரு பிளாக் அப்படியே சரிந்து மண்ணானது. 24 வீடுகள். விரிசலைக் கண்டு சற்று முன்புதான் மக்களை வெளியேற்றியிருந்தார்கள். அல்லாஹ்வின் அருளால் ஓர் உயிரும் போகவில்லை. அந்தக் கட்டடத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை! கண்ணகி நகருக்கு இப்போது இருபத்தைந்து தாண்டிவிட்டது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதே 2021இல்தான் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். நகரம் முழுவதும் பழுதான திட்டப்பகுதிகளை இடித்துக் கட்டும் வேலையும் வேகம் பிடித்தது. நல்லதை நல்லது என்றே சொல்லவேண்டும். புதிய வீடு சுமார் 400 சதுர அடி, தனிக் கழிவறை, லிஃப்ட். யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் புளியந்தோப்பு கே.பி.பார்க்கைப் பாருங்கள். பழைய வீடுகள் இருந்த இடத்தில் 1,920 வீடுகள் அடுக்குமாடியாக எழுந்தன. 2021 ஆகஸ்டில் கையால் தொட்டாலே சுவரின் பூச்சு உதிர்ந்தது. சட்டமன்றம் வரை போய், ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கொண்டு சோதிக்க வேண்டியதாயிற்று. அதற்கு மேல், பயனாளி பங்கு என்று ஒன்றரை இலட்சம் ரூபாய் கேட்கப்பட்டது. ஏற்கெனவே குடியிருந்தவரிடம்! மக்கள் கொதித்தார்கள்.

இடித்துக் கட்டும்வரை வெளியே தங்குவதற்குக் கொடுக்கும் கருணைத்தொகை 8,000 ரூபாயாக இருந்தது. அதை 24,000 ஆக உயர்த்தினார்கள். வரவேற்கிறோம். ஆனால் கட்ட இரண்டு வருடம் ஆனால் மாதத்திற்கு எவ்வளவு? ஆயிரம். தாம்பரத்தில் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சைக்கிள் நிறுத்த இடம் கிடைக்குமா?

வணிகச் சகோதரர்களே, உங்களுக்கு ஒரு தனிச் செய்தி. திட்டப்பகுதிக்குள் முன்னறையை மளிகைக்கடையாக, தையல் கடையாக, கறிக்கடையாக மாற்றிப் பிழைப்பவர்கள் எத்தனை பேர்! கணக்கெடுப்புத் தாளில் அது வீடு மட்டுமே. புதுக் கட்டடத்தில் ஏழாவது மாடி குலுக்கலில் விழுந்தால் கடலை மிட்டாய் வாங்க எந்தப் பிள்ளை ஏழு மாடி ஏறி வரும்? சண்முகம் சாலையில் கடை வைத்திருப்பவர், 'இது என் பிரச்சினை இல்லை' என்று எண்ணவேண்டாம். அந்தக் கடைகளுக்குச் சரக்கு கடன் கொடுப்பவர் நீங்கள்தானே?

மும்பை பேண்டி பஜாரில் என்ன செய்தார்கள்? அது அரசு வீடு அல்ல, பழைய தனியார் கட்டடங்கள். போஹ்ரா சமூகத்தின் அறக்கட்டளை 2009இல் முன்வந்தது. பதினாறரை ஏக்கர், சுமார் 250 கட்டடங்கள், 3,200 குடும்பங்கள். அத்தோடு 1,250 கடைகள்! கடைகளையும் திட்டத்தில் எண்ணிச் சேர்த்தார்கள். பத்தாண்டு தாண்டியும் வேலை முடிந்தபாடில்லை என்ற குறை உண்டு. அவர்களின் பணபலமும் நமக்கில்லை. ஆனால் கடைகளை எண்ணிப் பட்டியல் போடுவதற்குப் பணம் எதற்கு? ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதுமே!

இன்னொரு சிக்கலையும் சொல்லவேண்டும். இருபது வருடம் தவணை கட்டி முடித்தும் கிரயப் பத்திரம் கைக்கு வராதவர்கள் ஏராளம். காரணம், பல இடங்களில் நிலம் வேறு துறையின் பெயரில் கிடக்கிறது. வாரியத்தின் பெயருக்கு மாறவில்லை. தன் பெயரில் இல்லாததை வாரியம் எப்படி உங்களுக்கு எழுதித் தரும்? தவணை பாக்கி வைத்தவர்கள் ஒருபுறம், கட்டியும் ரசீதைக் கறையானுக்குக் கொடுத்தவர்கள் மறுபுறம். ரசீது இல்லையென்றால், கட்டியவரும் கட்டாதவரும் அலுவலகக் கவுண்டரில் ஒன்றுதான்.

வீட்டு வசதி வாரியத்தில், அதாவது 1961இல் தொடங்கிய ஹவுசிங் போர்டில், அடுக்குமாடி வீடு வாங்கிப் பத்திரமும் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமையாளர் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். ஒருவர் முரண்டு பிடித்து எல்லோரையும் நிறுத்திவைக்க முடியாது. ஆனால் நீங்கள் அந்த மூன்றில் ஒரு பங்கில் இருந்தால்? சங்கக் கூட்டத்துக்குப் போகாமல் கடையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தீர்மானம் தபாலில்தான் வரும்.

இளைஞர்களே! வேலைக்கு மனுப் போடும்போது கண்ணகி நகர் முகவரியை மறைத்து எழுதும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதே கண்ணகி நகரிலிருந்து ஒரு பெண் பிள்ளை, கார்த்திகா, 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவுக்குக் கபடித் தங்கம் வாங்கி வந்தாள். முகவரியை மறைக்காதீர்கள். அந்த முகவரியில் உங்கள் குடும்பத்தின் பெயர் வாரியத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டால் கேட்கலாம்: என் பிளாக்கின் உறுதிச் சான்று எங்கே? நிலம் யார் பெயரில்? ஒதுக்கீடு யார் பெயரில்?

இன்ஷா அல்லாஹ் வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் எழுதத் தெரிந்த நான்கு பேர் உட்காருவார்கள். மதம் கேட்கமாட்டோம், கட்சி கேட்கமாட்டோம். அண்டை வீட்டாரையும் அழைத்து வாருங்கள். ஒதுக்கீட்டு ஆணை, தவணை ரசீது, ரேஷன் அட்டை, மின்சார அட்டை எது இருக்கிறதோ அதன் நகல் இரண்டு கொண்டுவாருங்கள். முத்திரைத்தாளில் வாங்கியவர்கள் வெட்கப்படாமல் அதையும் எடுத்து வாருங்கள். விற்றவர் உயிரோடு இருக்கும்போதே பேசி முடிக்கவேண்டிய வேலை அது. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி அன்று நகலுக்குக் காசு வாங்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.