45,000 ரூபாய் கட்டி புத்தகம் போடலாமா?

இந்த வாரம் ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிக்கலாம். நம்ம லிசனர் ஒருத்தங்க, ஐடில தான் வேலை, மூணு வருஷமா ராத்திரி உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி முடிச்சிருக்காங்க. ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பி எட்டு மாசம் ஆச்சு, 'கிடைச்சது'ன்னு கூட பதில் வரலை. நடுவுல ஒரு கம்பெனி போன் பண்ணி, 45,000 ரூபாய் கட்டினா புத்தகமா கொண்டு வந்துடலாம்னு சொல்லியிருக்காங்க. அட்டை, லேஅவுட், ஐஎஸ்பிஎன், காப்பிரைட், ஆன்லைன் விற்பனை எல்லாம் அதுக்குள்ளயே. "கட்டலாமா ப்ரோ?" இதுதான் கேள்வி.

முதல்ல அந்த லிஸ்ட்டைப் பிரிச்சுப் பார்ப்போம். ஐஎஸ்பிஎன் இந்தியாவுல இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்துக்குக் கீழ ராஜா ராம்மோகன் ராய் நேஷனல் ஏஜென்சின்னு ஒண்ணு இருக்கு, எழுத்தாளர் தனி ஆளாவே ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம். காப்பிரைட்? 1957-ம் வருஷச் சட்டப்படி நீங்க எழுதின உடனே அது உங்களோடதுதான். பதிவு பண்றது கட்டாயம் இல்லை. நாளைக்கு வழக்குன்னு வந்தா பதிவு ஒரு சாட்சியா உதவும், அவ்வளவுதான். கிண்டில்ல ஏத்துறதுக்கும் காசு கிடையாது, 2016 கடைசியில இருந்து அங்க தமிழ் இருக்கு. ஆக, நியாயமா செலவு ஆகுற வேலை நாலுதான்: அட்டை, லேஅவுட், எடிட்டிங், அச்சு. 'ஆன்லைன் விற்பனை'ன்னா, யாராவது தேடினா கிடைக்கும்னு அர்த்தம். யார் தேடுவாங்கன்னு அந்த பேக்கேஜ்ல எழுதியிருக்காது.

இப்போ கணக்கு. எக்ஸெல் இல்லாம எனக்கு எதுவும் புரியாது, பொறுத்துக்கோங்க.

புத்தக விலை 200 ரூபாய்னு வைங்க. பதிப்பகம் வழியா வந்தா ராயல்டி பொதுவா 10 சதவீதம், பிரதிக்கு 20 ரூபாய். உங்க கைக்காசு எதுவும் போகலை. நீங்களே போட்டா, உதாரணத்துக்கு அச்சுக்கு 70 ரூபாய், கடைக்காரர் கழிவு 35 சதவீதம்னா இன்னொரு 70. மிச்சம் 60. மூணு மடங்கு! பெரும்பாலானவங்க கணக்கை இங்கேயே நிறுத்திடுறாங்க. அட்டை, லேஅவுட், எடிட்டிங்குக்கு முன்னாடியே ஒரு 30,000 போட்டிருப்பீங்க இல்லையா? அது திரும்பி வரவே 500 பிரதி போகணும். பதிப்பகம் வழியா வந்தவரை விட ஒரு ரூபாய் கூடுதலா பார்க்கணும்னா 750-ஐத் தாண்டணும். ஒரு காலத்துல தமிழ்ல முதல் பதிப்பே 1,000, 1,200 பிரதின்னு போட்டாங்க. பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்த பிறகு பல பதிப்பகங்களே சில நூறுலதான் ஆரம்பிக்குது. அதனால 750 சின்ன நம்பர் இல்லை.

கடையே வேண்டாம், நேரா விக்கிறேன்னா பிரதிக்கு 130 நிக்கும். 231 பிரதியில போட்ட பணம் வந்துடும். அந்த 231 பேர் யாருன்னு ஒரு பேப்பர்ல எழுத முடியுமா? சொந்தக்காரங்களை எழுதக் கூடாது. அவங்க ஃப்ரீயா கேப்பாங்க.

இது ஒண்ணும் புதுக் கேள்வி இல்லை. 1887-ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்ச உ.வே.சா. அப்போ கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியார். புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே பலர்கிட்ட கையொப்பம் வாங்கினார். 'வந்தா வாங்கிக்கிறேன்'னு கையெழுத்து. இன்னைக்கு நாம சொல்ற ப்ரீ-ஆர்டர்தான் அது. பாரதியாரும் 1920-ல கடையத்துல இருந்து ஒரு திட்டம் போட்டார். 40 புத்தகம், ஒவ்வொண்ணும் 10,000 பிரதி, அச்சுச் செலவுக்குக் கடன் கொடுங்கன்னு சுற்றறிக்கை. தீப்பெட்டி, மண்ணெண்ணெய் விக்கிற மாதிரி வித்துப்போகும்னு நம்பினார். திட்டம் நடக்கலை, அடுத்த வருஷம் அவரே போயிட்டார். எழுதினது பாரதி மக்களே!

நம்ம ஆளுங்க எல்லாரும் உதாரணம் காட்டுறது ஆண்டி வியர். அவரும் ப்ரோகிராமர், 'தி மார்ஷியன்' நாவலை கிண்டில்ல 99 சென்ட்டுக்குப் போட்டார், அப்புறம் பெரிய பதிப்பகம், சினிமா. ஆனா கிண்டிலுக்கு முன்னாடியே தன்னோட வெப்சைட்ல அத்தியாயம் அத்தியாயமா இலவசமா போட்டு, படிக்கிற கூட்டத்தை சேர்த்துட்டார்ங்கிறதை விட்டுடுவாங்க. அறிவியல் தப்பெல்லாம் அந்த வாசகர்களே கண்டுபிடிச்சுச் சொன்னாங்க.

அங்கதான் எடிட்டிங் வருது. கோட் ரிவ்யூ இல்லாம ப்ரொடக்‌ஷனுக்குத் தள்ள மாட்டோம், ஆனா 300 பக்க நாவலை தள்ளிடுவோம். பேக்கேஜ்ல 'எடிட்டிங்'னு போட்டிருந்தா அது பெரும்பாலும் எழுத்துப்பிழை பார்க்கிறதுதான். 'நாலாவது அத்தியாயம் தேவையே இல்லை'ன்னு சொல்ற ஆள் அதுல வர மாட்டார், ஏன்னா நீங்கதான் அவங்க கஸ்டமர். நேர்மையா சொல்லணும்னா, தமிழ்ல பல பதிப்பகங்கள்லயும் அந்த ஆள் இல்லை. ரெண்டு வழியிலயும் அவரை நீங்கதான் தேடணும், காசும் கொடுக்கணும்.

லேஅவுட்ல ஒரு தமிழ்ப் பிரச்சினை இருக்கு. நீங்க டைப் பண்ணது யூனிகோடு. சில அச்சகங்கள் இன்னும் பழைய ஃபான்ட்லதான் வேலை பார்க்கும், மாத்தும்போது கொம்பு, ஒற்றெல்லாம் இடம் மாறும். யூனிகோடுலயே பண்ணாலும், இன்டிசைன்ல வேர்ல்ட்-ரெடி கம்போஸரை ஆன் பண்ணலைன்னா 'கொ' உடைஞ்சு நிக்கும். கடைசி பிடிஎஃப்பை வரிக்கு வரி நீங்களே படிங்க. ஸ்க்ரீன்ல இல்லை, பிரிண்ட் எடுத்து.

மின்னூல் பக்கம் ரிஸ்க் கம்மி. அமேசான்ல 70 சதவீத ராயல்டின்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. இந்திய விற்பனைக்கு அது வேணும்னா கேடிபி செலக்ட்ல சேரணும், சேர்ந்தா 90 நாளைக்கு வேற எங்கயும் மின்னூலா கொடுக்கக் கூடாது. இல்லைன்னா 35 சதவீதம்தான்.

மெயில் போட்டவங்களுக்கு என் பதில்: இப்போ கட்டாதீங்க. முதல் ரெண்டு அத்தியாயத்தை இலவசமா கொடுத்து, ஒரு கூகுள் ஃபார்ம் வைங்க. மூணு மாசத்துல 100 பேர் முன்பணம் கட்டினா தனித்தனியா ஆள் பிடிச்சு நீங்களே போடுங்க. பத்துப் பேர்னா கிண்டில்ல போட்டுட்டு அடுத்த நாவலை ஆரம்பிங்க.

அதுக்கு மேலயும் கம்பெனிதான் வேணும்னா, கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க: ஐஎஸ்பிஎன் யார் பேர்ல? இன்டிசைன் ஃபைலை என்கிட்ட கொடுப்பீங்களா? நான் விலகணும்னா எத்தனை நாள்? எனக்கே பிரதி வேணும்னா என்ன விலை? பதிலை மெயில்ல வாங்குங்க.

அப்புறம், 1954-ம் வருஷ சட்டம் ஒண்ணு இருக்கு. நீங்களே பதிப்பாளர்னா, புத்தகம் வந்த 30 நாளுக்குள்ள கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், நம்ம எழும்பூர் கன்னிமாரா உட்பட இன்னும் மூணு நூலகத்துக்கும் ஆளுக்கொரு பிரதி உங்க செலவுல அனுப்பணும். ப்ரீ-ஆர்டர் எண்ணிக்கையில அந்த நாலையும் சேர்த்துக்கோங்க. அடுத்த வாரம் ஆடியோபுக் பத்திப் பேசலாம். கேள்விகளை அனுப்புங்க.