கடன் உடலைப் பற்றாது
(கழக்கூட்டத்தில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தக் கழக்கூட்டம், எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவருடைய ஊர். மன்னர் மார்த்தாண்ட வர்மா (1729-1758) அவர்களை ஒடுக்கியபோது வீடுகளை இடித்து, இருந்த இடத்தையே குளம் தோண்டினார் என்று பழைய கதை சொல்லும். மன்னன் கோபித்தால் மண்ணும் போகும், ஆளும் போவான். இன்று அப்படியில்லை. சட்டத்தின் வழியாக அல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவு. மாளிகைக்காரர் சொத்து மட்டுமா சொத்து? நமது வரிசை வீட்டு அண்டாவும் குண்டாவும் சொத்துதான்.

இதை ஏன் சொல்கிறோம்? வட்டிக்குக் கொடுத்த ஒருவர், மேஸ்திரி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆட்களோடு வந்து, அடுப்பையும் சைக்கிளையும் தூக்கிப் போனார். "வாங்கினது வாங்கினதுதானே, என்ன பேச முடியும்?" என்று அந்தத் தாய் வாயடைத்து நின்றார். பேச முடியும், அம்மா! அவருக்கு நம்மிடமிருந்து வரவேண்டியது பணம். நமது பொருள்மேல் அவருக்கு உரிமை கிடையாது.

நகையை அடகு வைத்தால் கதை வேறு. அதன்மேல் அவருக்குப் பிடி உண்டு. ஆனால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, தகுந்த முன்னறிவிப்பு இல்லாமல் அதை விற்கக் கூடாது. விற்றுக் கடன்போக மிஞ்சினால் மிச்சம் நம்முடையது. அடகுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அடகில்லாத கடனுக்கு ஒரே வழி, வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்குவது. தீர்ப்போடு அமீனா வந்தாலும் எல்லாவற்றையும் அள்ள முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு ஒரு வேலி போட்டிருக்கிறது. உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை ஆகியவற்றில் தேவையானவற்றைத் தொடக் கூடாது. மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத அணி, அதாவது நமது தாலி, அதையும் தொடக் கூடாது. கொத்தனாரின் கரண்டியும் தூக்குக்குண்டும், தச்சரின் உளியும் தொழிற்கருவிகள். அவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. கூலித் தொழிலாளியின் கூலியையும், வீட்டு வேலை செய்பவரின் கூலியையும் ஜப்தி செய்ய முடியாது. "எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டோமே" என்பீர்கள். இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அதே பிரிவு சொல்கிறது.

சிறை? அந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடுகிறோம். கொச்சின் வங்கி தரப்பாக இருந்த ஒரு கேரள வழக்கில், 1980இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். இல்லாமையால் கட்ட முடியாதவனை, கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் அடைக்கலாகாது. கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏய்ப்பவன் நிலை வேறு. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. முன்பணம் கொடுத்து, அதைக் காட்டியே ஆளைக் கட்டிப்போட்டு வேலை வாங்குவது கொத்தடிமை. 1976ஆம் ஆண்டின் சட்டம் அந்தக் கடனையே ரத்து செய்கிறது.

நம் ஊரில் "மஞ்சள் கடுதாசி கொடுத்தான்", "ஐ.பி. போட்டான்" என்று கேலியாகச் சொல்வார்கள். அது கேலிக்குரிய விஷயமல்ல. கடன் மலைபோல் ஏறிவிட்டால், இருப்பது இவ்வளவு, கொடுக்க வேண்டியது இவ்வளவு என்று மறைக்காமல் நீதிமன்றத்தில் ஒப்படைப்பது அது. கடன்காரர் எல்லாருக்கும் விகிதப்படி பங்கு போகும். முரடன் முதலில் அள்ள முடியாது. முன்சொன்ன துணியும் பாத்திரமும் கருவியும் அப்போதும் நம்முடையவை. நீதிமன்றம் விடுவித்தால், மோசடியில் வந்தவை போன்ற சில தவிர, பழைய கடன்கள் தீரும். மனு கொடுப்பதற்கு முன் வீட்டை மச்சான் பெயருக்கு மாற்றும் கெட்டிக்காரத்தனம் மட்டும் வேண்டாம். நீதிமன்றம் அதை ரத்து செய்யும், மச்சானும் பகையாவார்!

திவாலாவது ஏழை மட்டுமல்ல. கம்பெனி திவாலாகிக் கலைக்கப்பட்டால், அதன் தொழிலாளிக்கு முந்தைய 24 மாதப் பாக்கி, ஈடு பெற்ற வங்கிக் கடனுக்குச் சமமான வரிசையில் நிற்கும் என்கிறது 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம். ஆனால் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். ஆகவே வருகை அட்டையையும் கூலிச் சீட்டையும் எறியாதீர்கள்.

வஞ்சியூர் நீதிமன்றத்திலிருந்து மலையாளத்தில் நோட்டீஸ் வந்தால் மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். போகாவிட்டால் நாம் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் இலவச வழக்கறிஞர் கேட்க 1987ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தருகிறது. நோட்டீஸை வாசிக்கத்தான் இங்கே பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகள் இருக்கிறார்களே. அன்றே அவர்களிடம் கொடுத்து, தேதி என்னவென்று கேளுங்கள்.