நாய்க்கு எவ்வளவு உணவு?

வெட்டுக்காட்டிலிருந்து நாம் திரும்பும்வரை வீட்டைக் காக்கும் நாய்க்கு, வயது பாராமல் மிஞ்சிய சோற்றை ஒரே அளவாக வைத்துவிடுகிறோம். பால்குடி மறந்த குட்டியின் வயிறு சிறிது, வளர்ச்சியோ விரைவு. ஆதலால் 3 மாதம்வரை நாளுக்கு 4 வேளையும், 6 மாதம்வரை 3 வேளையும், பின்னர் 2 வேளையும் உணவளித்தல் நலம்.

நாம் பெரிதும் மறந்துவிடுவது குட்டி ஈன்ற தாயைத்தான். பாலூட்டும் நாள்களில் அதற்கு வழக்கத்தைவிட 2 அல்லது 3 மடங்கு உணவு வேண்டும். கிடைக்காவிடில் தன் உடலைக் கரைத்தே பாலூட்டும்; பால் வற்றினால் குட்டிகள் மடியும். வெறுஞ்சோறு போதாது; முள் நீக்கிய மீனோ முட்டையோ வேகவைத்துச் சேர்ப்போம். வெங்காயம் கலந்த குழம்பு நாய்க்கு ஆகாது.

முதிர்ந்து ஓட்டம் தளர்ந்த நாய்க்கு அளவைச் சற்றுக் குறைக்கலாம். விலாவைத் தடவுகையில் எலும்பு கைக்குத் தட்டுப்பட்டு, கண்ணுக்குத் துருத்தாதிருப்பின் அளவு சரியே.