பலகாரம் கடையில் வாங்கினால் கௌரவம் குறையாது

(தீபாவளிக்கு முந்தைய கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



தீபாவளி நெருங்குகிறது. குழுக் கூட்டத்துக்கு வந்தால் இப்போது இரண்டு பேச்சுதான். ஒன்று துணிமணிக்குக் கடன், இன்னொன்று பலகாரம். கடனைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இன்றைக்குப் பலகாரத்தைப் பற்றி, அதாவது பலகாரம் சுடுகிற நம் கை, கால், முதுகைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம்.

முறுக்கு என்றால் என்ன வேலை? பச்சரிசியை ஊறவைக்க வேண்டும், வடிகட்டி நிழலில் உலர்த்த வேண்டும், மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும், மாவைச் சலிக்க வேண்டும், உளுந்தை வறுத்து அரைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அடுப்பே பற்றவைக்கிறோம். ஐப்பசி அடைமழையில் அரிசி எங்கே காய்கிறது, விறகு எங்கே எரிகிறது? இதற்காக இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறோம். அந்த இரண்டு நாள் கூலியைப் பலகாரக் கணக்கில் யாராவது எழுதினோமா? "வீட்டில் சுட்டது, செலவே இல்லை" என்று சொல்லிக்கொள்கிறோம். எண்ணெய், கேஸ், அரவைக்கூலி, நம் கூலி எல்லாம் சேர்த்து ஒரு தடவை நோட்டில் எழுதிப் பாருங்கள்.

கணக்கு எல்லா வீட்டுக்கும் ஒன்று அல்ல. அண்ணன் தம்பி குடும்பம் எல்லாம் ஒன்றுகூடி ஐந்து கிலோ முறுக்கு தீர்ந்துபோகிற வீடு என்றால், நாலு பெண்கள் சேர்ந்து வீட்டில் சுடுவதுதான் மலிவு. அதை விடச் சொல்லவில்லை. நான்கு பேர் இருக்கிற வீட்டில், அரைக் கிலோ முறுக்குக்காக ஒரு சட்டி எண்ணெய் காயவைத்து, மீந்த எண்ணெயைக் கார்த்திகை வரைக்கும் மறுபடி மறுபடி காய்ச்சுகிறோமே, அங்கேதான் நஷ்டம்.

தலைதீபாவளி வீட்டுக்காரர்களுக்குச் சொன்னால் கோபம் வருகிறது. "புது மாப்பிள்ளை வர்றாரு, கடைப் பலகாரத்தையா வைப்பாங்க? சம்பந்தி என்ன நினைப்பாங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் எதை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்ததும் சூடாகக் கிடைத்த இட்லியையும் கறிக்குழம்பையும், எதிரே உட்கார்ந்து பேசிய மாமியாரையும்தான். அந்த நேரத்தில் நாம் முந்தின ராத்திரி இரண்டு மணி வரைக்கும் அடுப்படியில் நின்றுவிட்டு, கண் எரிய, கையில் எண்ணெய் தெறித்த கொப்புளத்தோடு நின்றால் யாருக்கு சந்தோஷம்? வந்த மகளும் நகையைக் கழற்றி வைத்துவிட்டு நம்மோடு அடுப்படியில்தான் நிற்பாள்.

அதனால் நாங்கள் சொல்லுவது இதுதான். உங்கள் கைப்பக்குவம் எதில் பேர் வாங்கியதோ அந்த ஒன்றையோ இரண்டையோ வீட்டில் செய்யுங்கள். கறிக்குழம்பும் வடையும் வீட்டில்தான் செய்ய வேண்டும், அது சூட்டோடு சாப்பிடுகிற பொருள். மிக்சர், லட்டு, மைசூர்பாகு எல்லாம் கால் கிலோ, அரைக் கிலோ வாங்கிக்கொள்ளலாம். தீபாவளி லேகியம் நாட்டு மருந்துக் கடையில் டப்பாவில் கிடைக்கிறது.

பாதி வேலையைக் கடைக்கு விட்டு, பாதியை வீட்டில் செய்வதும் ஒரு நல்ல வழி. முறுக்கு மாவு, இடியாப்ப மாவு பாக்கெட்டில் இருக்கிறது, பிழிவது மட்டும் நம் வேலை. அதிரசத்துக்குப் பாகு பதம் தவறினால் வெல்லமும் போச்சு, மாவும் போச்சு. தயார் அதிரச மாவு வாங்கித் தட்டிப் போட்டால் அந்தப் பயமில்லை. குலாப் ஜாமூன் மாவு பாக்கெட்டை அழுத்திப் பிசையாமல் லேசாகப் பிசைந்து, வெடிப்பு இல்லாமல் உருட்டி, சின்னத் தீயில் பொரித்தால் சின்னப் பிள்ளை கூட செய்துவிடும். இட்லி மாவு கடையில் வாங்குவதானால் முந்தின நாள் சாயங்காலம் வாங்குங்கள். பண்டிகை அன்று கடை திறக்குமா என்று நம்பி இருக்க வேண்டாம்.

கடையில் வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எடை, அதிகபட்ச விலை இருக்க வேண்டும். படிக்கத் தெரியாத அக்கா யாராவது இருந்தால் கூடப் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதி வரைக்கும் சாப்பிடலாம் என்று எழுதி வைக்க வேண்டும் என 2020 அக்டோபர் 1 முதல் விதி வந்தது. பால் இனிப்பு வாங்கும்போது அதைக் கேளுங்கள். கேட்டால் கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

இனிப்பை அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடை போட்டால் விடாதீர்கள். இனிப்பை மட்டும் எடை போட்டு, அப்புறம் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். காரத்தை மூக்கருகே கொண்டுபோனால் எண்ணெய்ச் சிக்கு வாடை தெரிந்துவிடும். கண்ணைப் பறிக்கிற நிறத்தில் இருப்பதைப் பிள்ளைகளுக்கு வாங்க வேண்டாம். ரோடமின் பி என்ற சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. இன்னொன்று, பாக்கெட் மிக்சர் வகைகளுக்கு வரி 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது. பில்லைப் பாருங்கள்.

"எல்லாத்தையும் வாங்கினா சோம்பேறின்னு சொல்லுவாங்களே" என்று ஒரு அக்கா கேட்டார்கள். நாம் வாங்குகிற அப்பளத்தை யார் செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1959-ம் வருஷம் மார்ச் 15-ம் தேதி மும்பை கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் அப்பளம் போட ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிற லிஜ்ஜத் அப்பளம். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அவர்களுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்காரி அப்பளத்தைக் காசு கொடுத்து வாங்கினால் இன்னொரு வீட்டுக்காரிக்கு அது கூலி.

அந்தக் கூலி நம் ஊரிலேயே இருந்தால் இன்னும் நல்லதுதானே? நம் கூட்டமைப்பிலேயே முறுக்கு சுடுகிற குழு இருக்கிறது, மசாலாப் பொடி அரைக்கிற குழு இருக்கிறது. அவர்களும் பதிவு எண் வாங்கி, தேதி ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். நம்ம அக்கா தங்கச்சி என்று அதில் சலுகை கிடையாது. விலையும் கடை விலைக்கு மேலே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம்.

சேமியா, அப்பளம், ஜாமூன் மாவு, முறுக்கு ஆகியவற்றைச் சேர்த்து மொத்தமாக வாங்க விரும்பும் குழுக்கள், பண்டிகைக்குப் பதினைந்து நாள் முன்பே உறுப்பினர் பெயரும் அளவும் எழுதி ஊக்குநரிடம் கொடுங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். கடனுக்குக் கேட்க வேண்டாம், இந்தக் கணக்கில் கடன் கிடையாது. அரைக் கிலோ தேவை என்றால் அரைக் கிலோ மட்டும் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு கிலோ எழுதினார் என்று நாமும் எழுத வேண்டியதில்லை.