நம்ம தேனீயும் உண்ணியும்
எங்கள் மார்த்தாண்டம் பக்கம் "பெட்டியில உண்ணி கெடக்கு, மருந்து வைக்கலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். வேண்டாம். மருந்து தேனில் கலந்தால் நம்ம சரக்கை யார் வாங்குவார்?

இந்த உண்ணியை முதலில் கண்டதே, 1904-ல், ஜாவா தீவில் நம்ம அடுக்குத் தேனீயின் கூட்டில்தான். அவ்வளவு பழைய பகை! ஒன்றின் உடம்பை இன்னொன்று துழாவி உண்ணியைக் கடித்துப் போடும். வேலைக்காரத் தேனீக் குஞ்சில் உண்ணி புகுந்தால் குஞ்சோடு வெளியே இழுத்துவிடும். அதனால் ஆண் குஞ்சு அறையில்தான் உண்ணி பெருகும். அங்கே உண்ணி மிகுந்து குஞ்சு செத்தால், மூடின அறையைத் திறக்கவே திறக்காது. உண்ணிக்கும் அதுவே குழி.

இத்தாலித் தேனீக்கு இந்தச் சாமர்த்தியம் குறைவு. அதற்குக் கடன் கேட்கும் குழுக்கள் உண்ணிச் செலவையும் சேர்த்து எழுதிக் கொண்டு வாருங்கள்.