நிவாரணப் பட்டியலில் யார் பெயர்?

(வத்திராயிருப்பில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘வளரும் நாடுகளில் மனிதாபிமான நெருக்கடிகள்’ என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் தோழர்கள். சூடானைப் பற்றியும் காசாவைப் பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதையும் பேசுகிறேன். ஆனால் நான் இந்த ஊர்க்காரி. பிளவக்கல் அணை நிறைந்தால் மகிழ்ச்சி, அணையைத் திறந்தால் பயம் என்று வளர்ந்தவள். அதனால் என் வீட்டிலிருந்து தொடங்க அனுமதியுங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. சுனாமி என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம். என் தாய்மாமா ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தார். இரண்டு நாள் கழித்து இரவில் லாரி வந்தது. எங்கே போகிறோம் என்று வண்டி ஏறிய பிறகுதான் சொன்னார்கள். நாகப்பட்டினம். தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் இப்படித் துப்புரவுத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மாமா பதினோரு நாள் கழித்து வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தோட்டத்து பம்புசெட்டில் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியை அங்கேயே எரித்துவிட்டு, திண்ணையில் படுத்துக்கொண்டார். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. கையுறை மூன்று நாளைக்குத்தான் வந்ததாம். அதன்பிறகு வெறுங்கை. சாயங்காலம் ஆனால் பிராந்தி மட்டும் தவறாமல் வந்ததாம்.

என் முனைவர் பட்ட ஆய்வு, பேரிடர் நிவாரணமும் சாதியும் பற்றியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமாவிடமே ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “செத்தவுகளுக்கு லிஸ்ட் இருக்கு. பொழைச்சவுகளுக்கு லிஸ்ட் இருக்கு. தூக்குனவுகளுக்கு ஏதும் லிஸ்ட் இருக்கா தாயி?”

தேடினேன் தோழர்களே. நான் படித்த அறிக்கைகளில் ‘துப்புரவுப் பணியாளர்கள் வரவழைக்கப்பட்டனர்’ என்ற அளவில் ஒரு வரி இருக்கிறது. பெயர் இல்லை. பிறகு அவர்களுக்கு என்ன நோய் வந்தது, யார் எத்தனை வருடம் தூங்காமல் இருந்தார்கள் என்ற கணக்கு இல்லை. மாமா கேட்ட கேள்விதான் இன்றைக்கு நான் பேசப்போவது. நிவாரணப் பட்டியலை யார் எழுதுகிறார்கள்? அதில் யார் பெயர் வருகிறது, யார் பெயர் வருவதில்லை?

‘இயற்கைக்குச் சாதி தெரியாது’ என்று ஒவ்வொரு பேரிடரின்போதும் சொல்வார்கள். அலைக்குத் தெரியாது, சரி. ஆனால் அலை வருவதற்கு முன்பே யார் பள்ளத்தில் குடியிருக்க வேண்டும், யார் மேட்டில் குடியிருக்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்துவிட்டது. அலை போன பிறகு யாருக்கு முதலில் தண்ணீர் என்பதையும் சாதியே முடிவு செய்கிறது.

சுனாமியில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பகுதி நாகை மாவட்டத்தில். அதிகம் இழந்தவர்கள் மீனவ மக்கள். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. மீனவர்களை எதிரியாகக் காட்ட நான் இங்கே வரவில்லை. ஆனால் நிவாரணம் எந்த வழியாகப் போனது என்று பார்க்க வேண்டும். கடற்கரையில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது. அரசும் தொண்டு நிறுவனங்களும் அதன் வழியாகவே பொருட்களைக் கொடுத்தன. வேகமாக நடந்தது. ஆனால் அந்தப் பஞ்சாயத்தின் கணக்கு, ஊருக்கு வரி கட்டும் குடும்பங்களின் கணக்கு. வரி கட்டுபவர் ஆண். அதனால் கணவனை இழந்த மீனவப் பெண்களே பல இடங்களில் கணக்குக்கு வெளியே நின்றார்கள். அப்படியென்றால் கரையில் மீன் சுமந்தவர், உப்பளத்தில் கூலி வேலை செய்தவர், உப்புநீர் புகுந்த வயலில் நடவு நட்டவர் என்று இருந்த தலித் மக்கள் எங்கே நின்றிருப்பார்கள்? இருளர்கள் எங்கே நின்றிருப்பார்கள்? படகு போனவருக்குப் படகு கிடைத்தது. படகே இல்லாதவர் எதை இழந்ததாக எழுதுவது?

பொது முகாமில் சேர்க்க மறுத்தது, தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் பிடிக்க விடாதது, தனி வரிசையில் நிற்க வைத்தது ஆகியவை அந்த வாரங்களிலேயே பத்திரிகைகளில் வந்தன. மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்தன.

அதற்கு அடுத்த வருடம், 2005இல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 61ஆம் பிரிவு, நிவாரணமும் இழப்பீடும் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. இந்தப் பிரிவை இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? ஆய்வுக்கு வரும்வரை நானும் கேள்விப்பட்டதில்லை. ஏட்டில் இருக்கிறது. ஆனால் எந்த முகாமின் வாசலிலும் இதை எழுதி வைத்து நான் பார்த்ததில்லை.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாக 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து வாதாடினார். கையில் நிலமோ சேமிப்போ இல்லாத பண்ணையாட்கள் முதலில் விழுந்தார்கள். உயிர் மிஞ்சியவர்களில் பலர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள்.

1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள். அப்போது சந்தையில் அரிசி இல்லாமல் போகவில்லை, அதை வாங்கும் சக்தி கிராமப்புறக் கூலிகளுக்கும் மீனவர்களுக்கும் இல்லாமல் போனது என்று 1981இல் எழுதிய நூலில் அமர்த்தியா சென் நிறுவினார். உணவு இருக்கிறதா என்பதோடு அந்த உணவின் மீது யாருக்கு உரிமை இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். நம் ஊரில் அந்த உரிமையை இன்றைக்கும் பெருமளவு தீர்மானிப்பது நிலம். நிலத்தைத் தீர்மானித்தது சாதி.

இந்த உண்மை வெள்ளைக்காரனுக்கும் தெரிந்திருந்தது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதில் எவ்வளவு இன்றைக்கு நம் மக்கள் கையில் இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சமி நில மீட்பை நாம் சமூக நீதிக் கோரிக்கையாக மட்டுமே பேசுகிறோம். அது பேரிடர் பாதுகாப்புக் கோரிக்கையும்கூட. பட்டா உள்ளவனைத்தான் நிவாரணம் தேடி வருகிறது.

வெளியுலகைப் பார்ப்போம். சூடானில் 2023 ஏப்ரலில் போர் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் டார்ஃபூர் பகுதியின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் நிலவுவதை நிபுணர் குழு உறுதி செய்தது. அங்கேயும் எல்லோரும் ஒரே மாதிரி சாகவில்லை. ஜெனீனா நகரத்தில் மசாலித் இன மக்களைப் பிறப்பைப் பார்த்துத் தேடித் தேடிக் கொன்றார்கள். பணக்கார நாடான அமெரிக்காவிலும் 2005இல் கத்ரினா புயல் வந்தபோது, ‘வெளியேறுங்கள்’ என்ற அறிவிப்பு எல்லோருக்கும்தான் வந்தது. கார் இருந்தவர் வெளியேறினார். கார் இல்லாமல் நியூ ஆர்லியன்ஸில் சிக்கிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஏழைகள்.

சூடானில் இன்னொன்றும் நடக்கிறது. பெரிய நிறுவனங்களின் லாரிகள் நுழைய முடியாத இடங்களில் தெருத்தெருவாக உள்ளூர் இளைஞர்கள் பொதுச் சமையல் நடத்தி மக்களைக் காப்பாற்றுகிறார்கள். யார் வீட்டில் எத்தனை பேர் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பட்டியலுக்குப் பட்டா தேவைப்படவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

நம் ஊருக்கு வருவோம். பருவமழையில் நெல் சாய்ந்தால் கிராம நிர்வாக அலுவலர் வயலைப் பார்க்க வருகிறார். 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதம் என்றால் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று விதி இருக்கிறது. அடங்கலில் யார் பெயரோ அவருக்குப் பணம். வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்தவர் பெயர் அடங்கலில் ஏறுவதில்லை. ஏற்றினால் குத்தகைதாரராக உரிமை கேட்பார் என்று நிலத்துக்காரருக்குப் பயம். கடன் வாங்கி உரம் போட்டவர் ஒருவர், நிவாரணம் வாங்குபவர் வேறொருவர்.

அந்த வயலில் அறுப்புக்குப் போக வேண்டிய என் அம்மாவின் கணக்கு என்ன? முப்பது நாள் வேலை போனது. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உதவ விதியில் இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வயலை அளக்க வருவதுபோல, வேலை இழந்தவரை எண்ண யாரும் காலனிக்குள் வருவதில்லை. நான் பேசிய கூலிக் குடும்பங்களில் அந்த உதவியை வாங்கிய ஒருவரையும் சந்திக்கவில்லை.

என் அம்மாச்சி வீட்டுச் சுவர் ஓர் ஐப்பசி மழையில் இடிந்தது. நல்லவேளை, ராத்திரி அவர் எங்கள் வீட்டில் படுத்திருந்தார். மறுநாள் வந்த அலுவலர் பட்டா கேட்டார். பட்டா தாத்தாவின் அண்ணன் பெயரில் இருந்தது. அவர் இறந்து இருபது வருடம். வாரிசுச் சான்று கேட்டார்கள். அதை வாங்கப் போனால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஒரு வாரிசு திருப்பூரில், ஒருவர் கேரளாவில். அம்மாச்சி நான்கு முறை அலைந்தார். ஐந்தாவது முறை போகவில்லை. கடைசிவரை தார்ப்பாய்தான் அந்தப் பக்கத்துச் சுவர். அந்த அலுவலர் சாதி பார்த்தாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். மரியாதையாகவே பேசினார். அவர் தாளைப் பார்த்தார். தாள் எங்களைப் பார்க்கவில்லை. மூன்று தலைமுறையாக நிலமும் பட்டாவும் மறுக்கப்பட்டவர்களிடம் பட்டா கேட்பதற்குத் தனியாகச் சாதி வெறி தேவையில்லை.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, தமிழ்நாடே ஒன்றாகத் திரண்டது என்று பெருமையாகச் சொன்னோம். அந்தப் பெருமை உண்மைதான். வெளி மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில் ஏற்றிப்போனதும் உண்மைதான். மாமா அப்போது போகவில்லை. அவர் மகன் போனான். தகப்பனுக்குப் பின் மகன் என்று மாறாமல் நடக்கிற ஒரே அரசு ஏற்பாடு இதுதான் போலிருக்கிறது. ஆற்றோரம் இருந்த குடிசைகள் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்டு, அந்த மக்கள் பெரும்பாக்கம் போன்ற நகர்க்கோடிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வெள்ளம் வடிந்த பிறகும் பேரிடர் முடியவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ‘சமூகம் திருந்த வேண்டும்’ என்று முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கப்போகிறது. அதற்குள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவது, பட்டியலை நாமே எழுதுவோம். மழைக்கு முன்பே. நம் ஒவ்வொரு தெருவிலும் எத்தனை வீடு, எது மண் சுவர், எது புறம்போக்கில் இருக்கிறது, எங்கே பட்டா மாற்றம் ஆகாமல் கிடக்கிறது, தனியாக இருக்கும் பெண்கள் யார், நடக்க முடியாதவர் யார், வாய்மொழிக் குத்தகைக்கு யார் பயிர் வைத்திருக்கிறார், கூலிக்குப் போகிறவர் எத்தனை பேர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். இங்கே கல்லூரி மாணவர்கள் இருக்கிறீர்கள், உங்களிடம் கைபேசி இருக்கிறது. சூடான் இளைஞர்கள் குண்டுக்கு நடுவே செய்வதை நாம் மழைக்கு முன்னால் செய்ய முடியாதா?

இரண்டாவது, நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராம சபை கூடும். அங்கே அந்தப் பட்டியலை வாசித்துத் தீர்மானமாக ஏற்றக் கேளுங்கள். வத்திராயிருப்பு பேரூராட்சி, இங்கே கிராம சபை கிடையாது. இங்குள்ளவர்கள் வட்டாட்சியரிடம் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நாளைக்குச் சுவர் இடிந்தால், ‘இந்த வீடு இருந்தது’ என்பதற்கு அந்தச் சீட்டு ஒரு சாட்சி.

மூன்றாவது, நிவாரண முகாம் எந்தக் கட்டடத்தில் என்று இப்போதே கேளுங்கள். நம் மக்கள் தயங்காமல் நுழையக்கூடிய இடமா அது? சமைப்பது யார்? நம் தெருப் பெண்களும் அந்தச் சமையலில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். முகாம் வாசலில் 61ஆம் பிரிவை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அவர்கள் ஒட்டாவிட்டால் நாம் ஒட்டுவோம்.

நான்காவது, பேரிடர் பணிக்கு அனுப்பப்படும் துப்புரவுத் தொழிலாளர்களின் பெயர்ப்பட்டியல் வேண்டும். போகும்போது காப்பீடு, உரிய பாதுகாப்புக் கருவி, திரும்பியதும் மருத்துவப் பரிசோதனை வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள், இது உங்கள் கையில்.

அரசாங்கம் நமக்காக ஒரே ஒரு பட்டியலை மட்டும் ஒழுங்காக வைத்திருக்கிறது. அதில் நம் சாதிப் பெயர் இருக்கிறது. பாபாசாகேப் போராடி அந்தப் பட்டியலை உரிமையின் பட்டியலாக மாற்றிக் கொடுத்தார். மற்ற பட்டியல்களில் நம் பெயரை ஏற்றுவது நம் வேலை.

மாமாவுக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில், அவரோடு அந்த லாரியில் போனவர்களில் அவர் நினைவில் இருக்கும் பெயர்களை, அவரவர் குடும்பத்தார் சம்மதத்தோடு, எழுதியிருக்கிறேன். இதுவரை பதினான்கு பேர். லாரியில் முப்பது பேர் இருந்ததாகச் சொல்கிறார். மிச்சம் பதினாறு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது 2004 டிசம்பரில் நாகைக்குப் போயிருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.